புதுப்பிப்பு: பேவரில் ஆட்டோ போட்டால் ரோடு அலை அலையாக வந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக: பேவரில் (தார்க் கலவையைப் பரப்பும் மெஷின்) மேல் தார் அடுக்கு போடும்போது ஸ்கிரீட் (பின்னால் இழுபட்டுக் கலவையைச் சமன் செய்யும் தட்டு) உயரத்தை ஆட்டோவில், அதாவது சென்சாரே சரிசெய்யும்படி, விட்டால் சில மீட்டருக்கு ஒருமுறை மேடும் பள்ளமுமாக வருகிறது, மேனுவலில் வருவதில்லை என்று கேட்டிருந்தேன்.

சென்சார் உயரம் பார்ப்பதற்காக ரோட்டோரம் முளைகளில் கட்டும் கம்பியின் தொய்வாக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள். ஆனால் அலையின் இடைவெளி முளைகளின் இடைவெளியோடு பொருந்தவில்லை, அதனால் அதை விட்டுவிட்டோம். அப்புறம் சென்சாரின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்ததில் அலை கொஞ்சம் நீண்டதே தவிர போகவில்லை.

சென்சாரை முன்னால் நகர்த்தச் சொன்னவரின் யோசனைதான் வேலை செய்தது. மெஷினோடு வந்த ஆட்கள் அதை ஸ்கிரீட்டை ஒட்டியே மாட்டியிருந்தார்கள். ஸ்கிரீட்டை மெஷினோடு இணைக்கும் இழுவைக் கையின் முன்முனையை ஏற்றி இறக்கும் முன்பக்க சிலிண்டர் அசைந்தாலும் ஸ்கிரீட் உடனே ஏறாது. இழுவைக் கையின் நீளத்துக்கு மெஷின் ஓடிய பிறகுதான் மாற்றத்தில் சுமார் 63 சதவீதம் வரும், கிட்டத்தட்ட முழுதாக வர அதைப்போல 5 மடங்கு தூரம் ஆகும், அதுவரை சென்சார் இன்னும் போதவில்லை என்று தள்ளிக்கொண்டே இருக்க, கடைசியில் தேவைக்கு மேல் ஏறிவிடும். அங்கிருந்து கழற்றி இழுவைக் கையின் நடுப்பகுதியில் மாட்டினோம், சென்சிட்டிவிட்டியைப் பழைய அளவுக்கே திருப்பினோம், அலை நின்றது.

எதிர்பாராதது ஒன்று: டிப்பர் மாறும் இடங்களில் மட்டும் லேசான பள்ளம் மிச்சமிருந்தது. இதற்கும் ஆட்டோவுக்கும் சம்பந்தமே இல்லை. ஹாப்பரை (டிப்பர் கலவை கொட்டும் முன்பக்கத் தொட்டி) காலியாகும்வரை ஓட்டியதில் ஆகரில் (ஸ்கிரீட்டுக்கு முன்னால் கலவையை அகலத்துக்குப் பரப்பும் திருகு) கலவை குறைந்து ஸ்கிரீட் இறங்கியிருக்கிறது. இப்போது ஆகர் தண்டு பாதி மூழ்கும் அளவுக்குக் கலவை எப்போதும் நிற்கும்படி ஆபரேட்டர் பார்த்துக்கொள்கிறார், அதுவும் சரியாகிவிட்டது.