மஞ்சள் கிளவுஸ் நைந்துபோனது, சாம்பல் கிளவுஸ் உருகிவிட்டது: இரண்டுமே டூப்ளிகேட்டா?

கோவை பட்டறைக்காரன்:
கணபதியில் சின்ன ஷீட் மெட்டல் பட்டறை, ஐந்து பேர் வேலை. பிசிறு கையைக் கிழிக்கிறது என்று போன தீபாவளிக்கு முன்னால் மஞ்சள் கெவ்லார் (வெட்டைத் தாங்கும் செயற்கை இழை) கிளவுஸ் ஒரு டஜன், சாம்பல் நிறத்தில் ‘டி’ போட்டது ஒரு டஜன் வாங்கினேன். சாம்பல்தான் மெல்லிசு, பையன்களுக்குப் பிடித்துவிட்டது. போன வாரம் ஒருவன் வெல்டிங் முடிந்த கையோடு பிராக்கெட்டை அதோடு தூக்கினான். உள்ளங்கைப் பக்கம் மெழுகாக உருகி, கொப்புளம். மஞ்சளை வாரா வாரம் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவோம். இப்போது ஷீட் ஓரம் பட்டாலே கிழிகிறது. எஃகைவிட ஐந்து மடங்கு பலம் என்றுதானே விற்றார்கள்?

பழைய சேஃப்டி ஆபீசர்:
தம்பி, அசல் சரக்கும் இப்படித்தான் செய்யும். சாம்பல் பெரும்பாலும் டைனீமா வகை. பாலிஎத்திலீன், அதாவது கேரி பேக்கின் பங்காளி. மிக நீளமான மூலக்கூறுகளை இழுத்து ஒரே திசையில் படியவைப்பதால் அந்தப் பலம். ஆனால் 150 டிகிரிக்குள் உருகிவிடும். ‘டி’ என்பது இஎன் 388 என்ற ஐரோப்பிய கிளவுஸ் தரத்தில் வெட்டைத் தாங்கும் அளவுக்கான எழுத்து. ஏ முதல் எஃப் வரை உண்டு. சூட்டுக்கு இஎன் 407 என்று தனி முத்திரை பார்க்க வேண்டும்.

கெவ்லார் உருகாது, 450 டிகிரிக்கு மேல்தான் சிதையும். அதற்கு எமன் வெயிலும் குளோரினும். நீங்கள் வாரா வாரம் இரண்டையும் ஊட்டியிருக்கிறீர்கள்! சாதாரண சோப்புத் தூள், நிழல், அவ்வளவுதான். ஐந்து மடங்கு என்பதும் ஒரே எடை எஃகோடு ஒப்பிட்டால், அதுவும் இழை புதிதாக இருக்கும்போது. கெவ்லாரைவிடப் பலமான ஸைலான் இழையில் அமெரிக்காவில் போலீஸ் கவசம் செய்தார்கள். 2003-இல் பென்சில்வேனியாவில் அதைக் குண்டு துளைத்தது. ஈரத்தில் அந்த இழை நைகிறது என்று பிறகு தெரிந்து, 2005-இல் சான்றிதழையே எடுத்துவிட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் கிழிந்த இடத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். சுருண்டு உருகினால் சூட்டு வேலைக்கு ஆகாது. கெவ்லார் கருகும், தீயை எடுத்ததும் அணையும். அதற்காக மெல்லிசு கெவ்லாரோடு சூடான பீஸைத் தூக்காதீர்கள். சூடு உள்ளே இறங்கிவிடும், ஈரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

லேத் மணி:
அண்ணா, டிரில்லிங் மெஷினில் எந்தக் கிளவுஸும் வேண்டாம். இந்த இழை லேசில் அறாது, பிட்டில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். எங்கள் பட்டறையில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

கோவை பட்டறைக்காரன்:
கொளுத்திப் பார்த்தேன் சார். சாம்பல் சுருண்டு உருகியது, மஞ்சள் கருகி அணைந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் இருந்தது நல்லதாயிற்று. வெல்டிங் மேஜைக்குத் தோல் கிளவுஸ் சொல்லிவிட்டேன், சாம்பல் இனி ஷீட் வெட்டும் ஷியரிங்கில் மட்டும். டிரில்லிங் பக்கம் நேற்றுவரை எல்லோரும் கிளவுஸோடுதான் நின்றார்கள் மணி. இன்று காலையிலேயே கழற்ற வைத்தேன்.