வாய், மூக்கு நுண்ணுயிர்களுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

வியாசர்பாடி, செவ்வாய் இரவு

சொற்குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஓர் அவசரம். சனிக்கிழமை எங்கள் தெருவில் பல் பரிசோதனை முகாம். அங்கே கொடுப்பதற்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வாயிலும் மூக்கிலும் வாழும் பாக்டீரியாக்களுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. அச்சகத்தில் வெள்ளி மதியத்துக்குள் வேண்டும் என்கிறார்கள். ஓரிடத்தில் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்களைக் குறிக்கும் மைக்ரோபயோம் என்ற சொல் 14 இடங்களில் வருகிறது.

முதல் வரைவில் "வாய்க்கிருமிகள்" என்று போட்டிருந்தேன். இன்று மாலை மகளிர் குழுவில் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். ஒரு பாட்டி, கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு, "அப்போ வாயில கிருமி இருந்தா பைத்தியம் புடிச்சிடுமாம்மா?" என்று கேட்டார். அவர் பேரன் ஒரு வருடமாக மாத்திரையில் இருக்கிறான், வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று பேச்சை மாற்றினார். நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆகவே கிருமி வேண்டாம். நோய் என்று தொனிக்காத, ஏழாம் வகுப்போடு நின்றவருக்கும் புரிகிற சொல் வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை, அன்றிரவே

தங்கச்சி, முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவன் சொல்கிறேன், மைக்ரோபயோம் என்றே எழுதிவிடுங்கள். பாக்டீரியா என்கிறோம், வைரஸ் என்கிறோம், கொரோனா வந்தபோது யாரும் தமிழ்ச்சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம், பிறகு அதே சொல். அறிக்கையில் இன்னொன்று பார்த்தேன். "வாய் மூளை அச்சு" என்று போட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அச்சு என்றால் அச்சகம், லாரிக்காரருக்குச் சக்கரத்து அச்சு. இரண்டு பக்கமும் செய்தி போய்வருகிறது என்பதுதானே பொருள்? "இருவழித் தொடர்பு" போதும். அப்புறம் "மன அழுத்தம்" என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. வேலை நெருக்கடியால் வருவதைச் சொல்கிறீர்களா, மனச்சோர்வு நோயைச் சொல்கிறீர்களா? பத்திரிகைகள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கின்றன.

பெரம்பூர், புதன் காலை

அம்மா, சொல்லைக் கடன் வாங்குமுன் அதைப் பிரித்துப் பார்ப்போம். பயோம் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் கிளெமென்ட்ஸ் 1916இல் பயன்படுத்தியபோது ஒரு நிலத்தின் தாவரமும் விலங்கும் சேர்ந்த வாழ்வைச் சொன்னார். ஓர் உயிரின் மரபணுக்கள் முழுவதையும் குறிக்கும் ஜீனோம் 1920இல் ஜெர்மன் தாவரவியலாளர் விங்க்லர் ஆக்கியது, அதன் சொல்லீறு வேறு கணக்கு. பலரும் மைக்ரோபயோமை ஜீனோமின் தம்பி என்று நினைத்து "தொகை", "தொகுதி" என்று ஆக்குகிறார்கள். 1988இல் விப்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் தந்த வரையறையைப் பாருங்கள். நுண்ணுயிர்க் கூட்டம், அது வாழும் இடம், அங்கே அது செய்யும் தொழில், மூன்றும் சேர்ந்தது.

நாற்பது ஆண்டு தமிழ் நடத்தியவனுக்கு இதைப் படித்ததும் தொல்காப்பியரின் முதல், கரு, உரிதான் நினைவுக்கு வரும். முதற்பொருளில் நிலம் மட்டுமல்ல, பொழுதும் உண்டு. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைகிறது, வாயின் நிலமே இரவில் வேறாகிவிடுகிறது, அது சிறுபொழுது. வாழும் உயிர்கள் கரு. உரிப்பொருளோ மனத்தின் நிலை! நிலத்தையும் மனத்தையும் சேர்த்தே பார்த்தவர்கள் நாம். இன்றைக்கு வாயில் வாழ்வதற்கும் மனத்துக்கும் தொடர்பு தேடுகிறார்கள் என்றால் அதற்குத் திணையைவிடப் பொருந்தும் சொல் உண்டா? நுண்டிணை, வாய்த்திணை, மூக்குத்திணை, குடற்றிணை. நுண் முன் தகரம் டகரமாகும், குடல் முன் றகரமாகும். அஃறிணை படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல.

ராயபுரம், புதன் மதியம்

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் பல் மருத்துவம் பார்க்கிறவளாக எனக்கு அதுவே பயமாக இருக்கிறது. நெய்தல் என்றால் இரங்கல், முல்லை என்றால் இருத்தல் என்று திணையில் நிலத்துக்கும் மனத்துக்கும் முடிச்சு போட்டாகிவிட்டது. இங்கே அந்த முடிச்சு இல்லை. ஈறுநோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகத் தென்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை. மனம் சோர்ந்தவர் பல் தேய்ப்பதை விட்டுவிடுவார். அவர் சாப்பிடும் சில மாத்திரைகள் வாயை உலர வைக்கும். வாய் உலர்ந்தால் அங்கே வாழ்பவை மாறும். என்னிடம் வருகிறவர்களிடம் இதை வாரா வாரம் பார்க்கிறேன். ஈறில் ரத்தம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு "தண்ணி எடுக்கவே எழுந்திருக்க முடியலம்மா" என்பார்கள்.

2019இல் அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் ஈறுநோயோடு தொடர்புள்ள போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவின் தடயம் இருந்ததாக ஒரு கட்டுரை வந்தது. அது மறதிநோய், மனச்சோர்வு அல்ல. தடயம் கிடைத்தது என்பதால் அதுதான் காரணம் என்றும் ஆகாது. மூக்கில் வழி இன்னும் நேரானது. மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஓர் எலும்பு, அதன் ஓட்டைகள் வழியே வாசனை நரம்புகள் மூளைக்குப் போகின்றன. எலிகளின் மூக்கில் விட்ட ஒரு பாக்டீரியா அந்த வழியில் மூளைக்குள் போனதைக் காட்டியிருக்கிறார்கள். எலிகளில்தான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ட்ரென்டன் மனநல மருத்துவமனைக்கு 1907இல் தலைவராக வந்த ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் ஒளிந்திருக்கும் தொற்றுதான் என்று உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பல்லைப் பிடுங்கினார், பிறகு டான்சில் என்னும் தொண்டைச் சதை, பிறகு குடலையே வெட்டினார். நிறையப் பேர் செத்துப்போனார்கள். அதனால் சனிக்கிழமை யாரும் "பேரனுக்குப் பல்லை எடுத்துடுங்க" என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது. 1683இல் நெதர்லாந்துக்காரர் லேவன்ஹூக் தன் பல்லில் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றைச் சின்னஞ்சிறு விலங்குகள் என்றார், அழுக்கு என்று சொல்லவில்லை. அவர் தினமும் உப்பு போட்டுப் பல் தேய்த்தவர். நல்ல வாயிலும் இவை இருக்கும், 700 வகைக்கு மேல் கண்டிருக்கிறார்கள். எனக்கு நுண்ணுயிர்த் தொகுதி சரி.

திருவொற்றியூர், புதன் இரவு

தொகுதி என்றால் இந்த ஊரில் ஆர்.கே. நகர்தான் நினைவுக்கு வரும். வாயில் தேர்தலா நடக்கிறது? மைக்ரோபயோம் என்று எழுதச் சொல்லும் நண்பருக்கும் ஒரு வார்த்தை. இன்று புரிகிறது என்று கடன் வாங்கியதெல்லாம் நாளைக்கு நம் வேர்ச்சொல்லை மறக்கடிக்கும்.

என் பரிந்துரை குடி. குட் என்னும் வளைவுப் பொருள் வேரிலிருந்து குடம், குடை, குடில், குடிசை, அதில் வாழ்வோர் குடி, குடும்பம். குடல்கூட வளைந்து கிடப்பதால் பெற்ற பெயர் என்பேன். ஆக குடலும் அதில் வாழும் குடியும் ஒரே வேரில் பிறந்தவை, இந்தப் பேறு எந்த மொழிக்கு வாய்க்கும்? வாய்க்குடி, மூக்குக்குடி, குடற்குடி. குடி பிடிக்காவிட்டால் சேரி. சேர்ந்து வாழுமிடம் என்பதே அதன் பொருள். இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி உண்டு. பாடியும் நல்ல சொல், ஆயர்பாடி இருக்கிறது, சகோதரியின் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது.

வியாசர்பாடி, வியாழன் காலை

ஐயா, நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாய்க்குடி என்று அச்சடித்து எங்கள் தெருவில் கொடுத்தால் சாராயம் என்றுதான் படிப்பார்கள். குடிக்கும் மனச்சோர்வுக்கும் இங்கே வேறு கதை இருக்கிறது, அது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். வாய்ப்பாடி என்றால் பிள்ளைகள் வாய்ப்பாடு என்று படிக்கும். சேரிக்குக் கல்வெட்டில் எந்தப் பொருள் இருந்தாலும் சரி, அதே கல்வெட்டில் தீண்டாச்சேரியும் இருக்கிறது. அந்தச் சொல்லை வசவாக என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. கிருமியைப் பற்றிய தாளில் அந்தச் சொல்லை நான் கையால் எழுதமாட்டேன். "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே கேலி என்று புரிந்துகொள்ளும் ஊர் இது. 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே வசவாக்கியிருக்கிறோம். சொல் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

நுண்ணுயிர் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது, கூட்டம் எல்லோருக்கும் தெரியும். நுண்ணுயிர்க் கூட்டம் என்று வைக்கலாமா?

ராயபுரம், வியாழன் மதியம்

அக்கா, கூட்டத்தில் இடம் வராது, பெரம்பூர் ஐயா சொன்ன மூன்றில் ஒன்றுதான் வருகிறது. ஆனால் முன்னால் வாய், மூக்கு என்று போட்டுவிட்டால் இடமும் வந்துவிடுகிறதே. துண்டறிக்கைக்கு நான் சரி. ஒரு வேண்டுகோள், "காரணம்" என்ற சொல் எங்கேயும் வேண்டாம், "தொடர்பு தெரிகிறது" என்று மட்டும் இருக்கட்டும். அப்புறம் கடைசி வரியில், யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில்.

பழைய வண்ணாரப்பேட்டை, வியாழன் மாலை

எனக்கும் சரி. மைக்ரோபயோமை விட நான்கு எழுத்து கூடுதல், பத்தியில் அடங்கும். க் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பெரம்பூர், வியாழன் இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ராயபுரம் மகள் சொன்ன பயம் நியாயமானது, உரிப்பொருளை அவ்வளவு தூரம் இழுத்திருக்கக் கூடாது. என்றாலும் கல்லூரிப் பாடநூல் என்று வரும்போது திணையை மறுபடி எடுப்பேன். எண்ணூர்க் கழிமுகத்தைப் பாருங்கள். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் அளவு மாறினால் இறால் போகும், நண்டு போகும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பிறகு அங்கே மீன்பிடித்தவர்களுக்குத் தெரியும். உயிரை மட்டும் எண்ணிவிட்டு நீரை விட்டுவிட்டால் அது என்ன கணக்கு? கூட்டம் என்ற சொல் நீரை விட்டுவிடுகிறது.

வியாசர்பாடி, வெள்ளி மாலை

அச்சுக்குப் போய்விட்டது. கொடுக்கும் முன் பாட்டியிடம் மறுபடி காட்டினேன். "எல்லார் வாயிலயும் இருக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "டாக்டரம்மா வாயில?" அவர் வாயிலும்தான் என்றேன். மூக்கைப் பற்றிய பத்தி அவருக்குப் புரியவில்லை, சல்லடை எலும்பு என்ற இடத்தில் நின்றுவிட்டார், நாளைக்கு வாயால் விளக்க வேண்டும். எல்லோருக்கும் நன்றி.

திருவொற்றியூர், வெள்ளி இரவு

சேரியைத் திரும்பப் பெறுகிறேன், சகோதரி. அது என் பிழை. ஆனால் கூட்டத்தை நான் ஏற்கவில்லை. கூட்டம் கலைந்துவிடும், குடி கலையாது. சொற்பட்டியலில் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.