வெண்ணாற்றுப் பாசன வயல்களில் குரோமியம்: ஆலைக் கழிவா, ஆறு கொண்டுவந்ததா?

கேள்வி (ஆய்வு மாணவி, திருவாரூர்)

வணக்கம். காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில் 60 நெல்வயல்களின் மேல்மண்ணை 15 செ.மீ. ஆழம்வரை எடுத்து, இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து, குரோமியம், நிக்கல், காட்மியம், ஈயம் ஆகியவற்றை அளந்திருக்கிறேன். களிப்பாறையின் உலகச் சராசரியான கிலோவுக்கு 90 மி.கி. குரோமியத்தை அடிப்படையாகக் கொண்டு, முல்லர் 1969-இல் தந்த புவித்திரட்சிக் குறியீட்டைக் (அளந்த அளவை, இயற்கையாக இருக்கும் பின்புல அளவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை காண்பது; பூஜ்யத்துக்கு மேல் போனால் மாசு) கணக்கிட்டால், பல வயல்கள் மாசுற்றவையாக வருகின்றன. காட்மியத்தில் 23 மாதிரிகள் கண்டறிதல் எல்லைக்கு (கருவி உணரக்கூடிய மிகக் குறைந்த அளவு) கீழே இருந்தமையால் எல்லையின் பாதியை இட்டு நிரப்பினேன். குரோமியமும் நிக்கலும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், இரண்டும் ஆலைக் கழிவிலிருந்து வந்தவை என எழுதலாமா? எங்கள் குடும்ப வயலும் இந்த 60-இல் ஒன்று. தவறாக எழுதிவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது.

மறுமொழி 1 (மண்ணியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம், அம்மா. நம் வண்டல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமியத் தாதுவான குரோமைட்டின் படிவுகளே உள்ளன. சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளின் பாறையும் குரோமியமும் நிக்கலும் இயல்பிலேயே மிகுந்த வகையைச் சேர்ந்தது. இரண்டும் காவிரியின் நீர்ப்பிடிப்புக்குள் இருப்பதால், ஆலை ஒன்றுகூட இல்லாதிருந்தாலும் இவ்விரு உலோகங்களும் கைகோத்தே வரும்.

ஒரு வயலில் 180 மி.கி. குரோமியம் என வைத்துக்கொள்வோம். பின்புல அளவு 90 என்றால் குறியீடு 0.4, அதுவே உள்ளூர்ப் பின்புலம் 150 என்றால் –0.3. மண் ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் தலைகீழாகிறது. ஆகவே ஆழ்மண்ணிலிருந்து உள்ளூர்ப் பின்புலத்தைக் காண வேண்டும். ஆனால் கோடையில் நம் களிவயல்கள் பாளம் பாளமாக வெடிக்கும்போது, மேல்மண் அவ்வெடிப்புகளில் உதிர்ந்து கீழே போய்விடுகிறது. ஒரு முழ ஆழத்து மண்ணைக் கலப்பற்றதென நம்ப முடியாது. வெடிப்பு முடியும் ஆழத்துக்கும் கீழே துளையிடுங்கள்.

மணல் மிகுந்த இடத்தில் எல்லா உலோகங்களும் சேர்ந்தே குறையும் என்பதால், அலுமினியத்துக்கான விகிதமாக மாற்றி ஒப்பிடுவது நல்லது. நீர் தேங்கும் நெல்வயலில் இரும்பு கரைந்து இடம்பெயரும். அதை அளவுகோலாக்க வேண்டாம். இராஜதிராவகம் குரோமைட்டை முழுமையாகக் கரைப்பதில்லை, அலுமினியத்தையும் ஓரளவே கரைக்கும். முழு அளவைக் குறிக்கும் அந்த 90-ஐ உங்கள் எண்களோடு ஒப்பிடுவதே சரியன்று. சில மாதிரிகளையேனும் சோடியம் பெராக்சைடோடு உருக்கி முழுமையாகக் கரைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2 (புள்ளியியலாளர், திருச்சி)

காட்மியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 60-இல் 23 இடங்களில் ஒரே எண்ணை இட்டால் திட்ட விலக்கம் பிழைபடும். மற்ற உலோகங்களோடு இல்லாத உறவு தோன்றும், இருக்கும் உறவு மறையும். மருத்துவ ஆய்வுகளில் உயிர்பிழைப்புக் காலத்தைக் கணிக்கப் பயன்படும் கப்லான்–மையர் முறையை இங்கே திருப்பிப் பயன்படுத்தலாம்: அங்கே "இதற்கு மேல்" என்று மட்டும் தெரிந்த காலங்கள், இங்கே "இதற்குக் கீழ்" என்று மட்டும் தெரிந்த அளவுகள். "எல்லைக்குக் கீழே" என்ற தகவலை அது அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் காட்மியம் கிடைத்திருப்பதால் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) தயக்கமின்றித் தரலாம். தொடர்பை அறியக் எண்களின் வரிசையை மட்டும் ஒப்பிடும் கெண்டலின் தரவரிசை முறை போதும். முதன்மைக் கூறு பகுப்பாய்வு (சேர்ந்தே மாறும் உலோகங்களைத் தொகுத்துக் காட்டும் முறை) செய்வதானால், முதலில் அளவுகளை மடக்கை விகிதங்களாக (விகிதங்களின் மடக்கை) மாற்றுங்கள். பொதுவான வகுப்பானைக் கொண்டு விகிதமாக்கிய எண்களுக்கிடையே பொய்த் தொடர்பு எழும் என்று புள்ளியியல் முன்னோடி கார்ல் பியர்சன் 1897-இலேயே எச்சரித்திருக்கிறார்.

மறுமொழி 3 (விவசாயி, மன்னார்குடி)

மாதிரியை மடைவாயில் எடுத்தீர்களா, நடுவயலிலா என்பதையும் குறித்து வையுங்கள். வாய்க்கால் தண்ணீர் முதலில் தன் வண்டலை இறக்கும் இடம் மடைவாய்தான். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்த பத்து வயல்களை எடுத்திருந்தால், அவற்றைப் பத்துத் தனிச் சான்றுகளாக எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை மடைக்கு அருகில்தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருமுன், எட்டு வயல்களில் நடுவயல் மண்ணையும் வெடிப்புக்குக் கீழுள்ள ஆழ்மண்ணையும் எடுத்து, முழுமையாகக் கரைத்து, அலுமினியத்தோடு அளந்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.