ரத்த ஓட்டத்தில் வரும் ஆட்டோரெகுலேஷனும் மரபணுவில் வருவதும் ஒன்றா?

அரைத்தூக்கம் (கேள்வி)

உடலியங்கியலில் சிறுநீரக ரத்த ஓட்டத்துக்கு ஆட்டோரெகுலேஷன் (தன்னைத்தானே ஒழுங்குபடுத்துவது) என்று ஒரு பகுதி வருகிறது. சராசரித் தமனி அழுத்தம் சுமார் 80 முதல் 180 மிமீ பாதரசம் வரை எங்கே நின்றாலும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறாது என்கிறார்கள், சரி. அடுத்த பாடமே மூலக்கூறு உயிரியல், அங்கேயும் அதே சொல், ஆனால் அழுத்தமும் இல்லை குழாயும் இல்லை, ஒரு புரதம் தன் மரபணுவையே அடக்குகிறதாம். இரண்டும் ஒரே விஷயமா, பெயர் மட்டும்தான் ஒன்றா? எல்லாம் ஓர் அளவில் நிற்பதைத்தான் ஹோமியோஸ்டாசிஸ் என்று படித்துவிட்டோமே, அப்புறம் இது எதற்குத் தனியாக? நரம்பு வழியாக ரத்தக் குழாய் சுருங்குவது, லேக் ஒபரான் (பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுப்பு), இந்த இரண்டும் இதில் சேருமா?

நுண்தமனி

கடைசியில் கேட்ட இரண்டுமே சேராது. ரத்த அழுத்தம் விழுந்ததைக் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் கண்டுபிடித்து, மூளைத்தண்டுக்குச் சொல்லி, அங்கிருந்து நரம்பு வழியாக உத்தரவு வருகிறதே, அது ஹோமியோஸ்டாசிஸ்தான், ஆனால் ஆட்டோரெகுலேஷன் இல்லை. "ஆட்டோ" என்பதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: உத்தரவு வெளியிலிருந்து வரவில்லை. சிறுநீரகத்தின் நரம்புகளை வெட்டிவிட்டாலும், உடலிலிருந்து வெளியே எடுத்து ஒரு பம்ப்பில் இணைத்தாலும்கூட அது தன் ரத்த ஓட்டத்தைத் தானே சமாளித்துக்கொள்கிறது. உடலியங்கியலாளர் பேலிஸ் 1902-லேயே இதைச் சொன்னார்: அழுத்தம் கூடிக் குழாய்ச் சுவர் இழுபட்டால் அதிலுள்ள மென்தசை பதிலுக்குச் சுருங்குகிறது. தசைச் செல் இழுபட்டதும் அதன் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வாயில்கள் திறந்து, கால்சியம் உள்ளே வந்து சுருக்கம் ஏற்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் அழுத்தம் இரட்டிப்பானாலும் ஆரம் 16 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் பழைய அளவுக்கு வந்துவிடும். இவ்வளவு சின்ன அசைவு போதும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சிறுநீரகத்தில் இதற்கு மேல் இன்னொரு வளையமும் உண்டு. வடிகட்டிய நீர் நெஃப்ரானின் (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகு) பிற்பகுதிக்கு அதிக உப்போடு வந்தால் அங்குள்ள மேக்குலா டென்சா என்ற உணரிச் செல்கள் அதைக் கண்டுபிடித்து, அடினோசின் என்ற வேதிப்பொருள் வழியாக, வடிகட்டிக்கு வரும் நுண்தமனியைச் சுருக்கச் செய்கின்றன. இது தசையின் எதிர்வினையைவிட மெதுவானது.

சுருள்ஏணி

மரபணு பக்கம் நான் வருகிறேன். அங்கேயும் "ஆட்டோ"வுக்கு அர்த்தம் அதேதான், நடக்கும் விதம்தான் வேறு. லேக் ஒபரான் சேராது என்றால் காரணம் இதுதான்: அடக்கி புரதத்தைத் தருவது லேக்-ஐ மரபணு, அது எப்போதும் குறைந்த அளவில் ஓடிக்கொண்டே இருக்கும், அடக்கப்படுவது வேறு மரபணுக்கள். அடக்கியை விலக்கும் சர்க்கரையும் வெளியிலிருந்து வந்ததுதான். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கான அடக்கியை எடுத்துக்கொண்டால் கதை வேறு, அது டிரிப்டோஃபான் தயாரிக்கும் மரபணுக்களோடு தன் சொந்த மரபணுவையும் சேர்த்தே அடக்குகிறது, அந்த இரண்டாவது பாதிதான் ஆட்டோரெகுலேஷன்.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் தெரிந்த மரபணு ஒழுங்குபடுத்திகளில் ஏறக்குறைய 40 சதவீதம் தன்னையே அடக்குபவை. அளவை நிலையாக வைக்க மட்டுமா இவ்வளவு? இல்லை, வேகமும் ஒரு காரணம். சீக்கிரம் சிதையாத ஒரு புரதத்தைச் சாதாரணமாகத் தயாரித்தால், அது இறுதி அளவில் பாதியைத் தொட ஒரு செல் தலைமுறை (செல் ஒருமுறை இரண்டாகப் பிரியும் நேரம்) ஆகும். தன்னையே அடக்கும் மரபணு என்றால் வலுவான புரோமோட்டரை (மரபணுவின் தொடக்க விசை) வைத்து முழு வேகத்தில் கிளம்பலாம், அளவு நெருங்கியதும் பிரேக் தானாக விழும். உரி ஆலோன் குழு 2002-ல் அளந்தபோது அதே பாதி அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு தலைமுறை நேரத்திலேயே வந்துவிட்டது. செல்லுக்குச் செல் அளவு ஏறி இறங்குவதும் இதனால் குறையும் என்று பெக்ஸ்கேயும் செரானோவும் 2000-லேயே காட்டியிருந்தார்கள்.

எல்லாமே அடக்குவது என்றும் நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் சி-ஒன் புரதம் குறைவாக இருக்கும்போது டிஎன்ஏவில் இரண்டு இடங்களில் ஒட்டித் தன் மரபணுவை ஊக்குவிக்கும், மிகுதியானால் மூன்றாவது இடத்திலும் போய் ஒட்டி அடைத்துவிடும்.

வார்டு_வாசி

நுண்தமனி சொன்னது சரிதான், ஆனால் அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளைக்கு 60 முதல் 150 மிமீ பாதரசம் என்று போடுவார்கள், ஆளுக்கு ஆள் அது மாறும். பல வருஷம் உயர் ரத்த அழுத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அந்த வரம்பே மேலே நகர்ந்திருக்கும், அதனால் நமக்கு "நார்மல்" என்று தோன்றும் அழுத்தத்துக்கு அவரைத் திடீரென இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகலாம். தலையில் பலத்த அடி பட்டால் இந்தத் திறனே கெட்டுப்போகும், அப்போது ரத்த ஓட்டம் அழுத்தத்தின் பின்னாலேயே ஏறி இறங்கும், ஐசியூவில் பாடுபடுவது பெரும்பாலும் இதோடுதான்.

அரைத்தூக்கம்

நன்றி, லேக் விஷயத்தில் நான் முழுக்கத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். இன்னும் ஒன்று மட்டும்: அடக்கி மரபணுவில் போய் உட்காராமலேயே இது நடக்குமா? அப்புறம், தன்னையே அடக்கினால் அளவு எப்போதும் நிலையாகத்தான் நிற்குமா?

சுருள்ஏணி

முதலாவதற்கு டியூபுலின், செல்லின் சட்டகமான நுண்குழல்களைக் கட்டும் புரதம். கோல்ச்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து அந்த நுண்குழல்களைக் கலைத்தால் செல்லில் தனி டியூபுலின் கூடும், உடனே டியூபுலினுக்கான தூது ஆர்என்ஏ சிதைக்கப்படும். மரபணுவை யாரும் தொடவில்லை, ரைபோசோமிலிருந்து அப்போதுதான் எட்டிப்பார்க்கும் புதுப் புரதத்தின் முதல் சில அமினோ அமிலங்கள்தான் அடையாளம்.

இரண்டாவதற்கு, நிற்காது. பிரேக் தாமதமாகப் பிடித்தால் ஆட ஆரம்பித்துவிடும். ஹெஸ்1 என்ற புரதம் தன் மரபணுவைத்தான் அடக்குகிறது, ஆனால் ஆர்என்ஏ உருவாகி, புரதமாகி, திரும்பச் செல்லின் உட்கருவுக்குள் வந்து சேர்வதற்குள் அளவு ஏறியிருக்கும், அடக்கியதும் இருந்ததெல்லாம் சிதைந்து குறையும், மறுபடி ஏறும். எலிச் செல்களில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று.