மகரந்தப்பையின் ‘வால்வு’: இமை என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

லாரேசி குடும்பத்தில் (வெண்ணெய்ப்பழம், இலவங்கப்பட்டை மரங்களின் குடும்பம்) மகரந்தப்பை திறக்கும் முறையை ‘வால்வு வழி வெடித்தல்’ என்றே எழுதிவிடலாம் என்றும், தமிழாகவே வேண்டுமென்றால் ‘ஓரதர்’ இருக்கிறதே என்றும் முந்தைய மடல்களில் கருத்துகள் வந்தன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓரதர் என்பது ஒரே திசையில் செல்லவிடும் வழியைக் குறிப்பது. குழாய்க்கும் இதயத்துக்கும் அது பொருந்தும். மகரந்தப்பையில் எதுவும் பாய்வதும் இல்லை, திரும்பிவராமல் தடுக்கப்படுவதும் இல்லை.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். வெண்ணெய்ப்பழ மரத்தின் பூவைக் கைலென்ஸில் பார்த்தால், மூன்று மூன்றாக மூன்று வட்டங்களில் ஒன்பது மகரந்தத்தாள்களும், அவற்றுக்கு உள்ளே மகரந்தம் தராத மூன்று மலட்டுத்தாள்களும் தெரியும். ஒவ்வொரு மகரந்தப்பையிலும் நான்கு அறைகள். அறையின் சுவர் அடியிலும் இரு பக்கங்களிலும் பிரிந்து, மேல்விளிம்பு மட்டும் ஒட்டியிருக்க, அப்படியே மேல்நோக்கித் தூக்கிக்கொள்கிறது. ‘வால்வு’ என்பது இந்தச் சுவரைத்தான். பிசுபிசுப்பான மகரந்தம் உதிர்ந்துவிடாமல், தூக்கிய சுவரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டே மேலே போகிறது. தேனுக்கு வரும் பூச்சியின் உடல் அதில் உரசுகிறது. இந்தப் பூ இருமுறை மலர்வது என்பதையும் மறக்கக்கூடாது. முதல் மலர்ச்சியில் சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும், பைகளோ மூடியிருக்கும். பூ ஒருமுறை மூடிக்கொண்டு மீண்டும் மலரும்போதுதான் பைகள் திறக்கும். இது தெரியாமல் முதல் மலர்ச்சியிலேயே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பாடநூல்தான் தவறு என்று முடிவுகட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்தச் செயலுக்கு மேலே கீல் கொண்ட ஒன்றின் பெயர் வேண்டும். ‘கதவு’ பக்கவாட்டில் திறப்பது. அப்படித் திறக்கும் மகரந்தப்பை எங்கேனும் வந்தால் அதற்கு வைத்துக்கொள்ளலாம். ‘மூடி’ முழுவதும் கழன்று விழுவது. யூக்கலிப்டஸ் மொட்டின் தொப்பிக்கு அது சரியாக இருக்கும். ‘மடல்’ அழகான சொல்தான், ஆனால் தென்னையிலும் தாழையிலும் காதிலும் ஏற்கெனவே வேலை செய்கிறது, இங்கே நாம் எழுதிக்கொண்டிருப்பதும் மடல்தான். தவிர, ‘நான்மடல் மகரந்தப்பை’ என்று எழுதினால், பூவிதழின் பிளவுகளைச் சொல்வதாகவே மாணவர் எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு ‘இமை’. மேலிமை மேலே பொருந்தியிருக்கிறது, கீழிருந்து மேலாகத் திறக்கிறது. இந்தச் சுவரும் அவ்வாறே. திறக்கும் முறைக்கு ‘இமைத்திறப்பு’ என்ற பெயர் போதும். நீள்வெடிப்பு (பை நீளவாக்கில் பிளப்பது), துளைவெடிப்பு (துளை வழியே திறப்பது) என்ற வரிசையில் ‘இமைவெடிப்பு’ என்று வைத்தால் ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் இமையே வெடித்ததுபோல் ஒலிப்பதால் அதை விட்டுவிடலாம்.

இச்சொல் உண்மையில் கைகொடுப்பது பேரினங்களைப் பிரித்துச் சொல்லும்போதுதான். சின்னமோமம், பெர்சியா, லிட்சியா ஆகியவற்றில் பைக்கு நான்கு அறைகள். லாரஸ், லிண்டெரா, கிரிப்டோகாரியா ஆகியவற்றில் இரண்டே. ‘நாலிமைப் பை’, ‘ஈரிமைப் பை’ என்று சொன்னால் அறைகளின் எண்ணிக்கையும் திறக்கும் முறையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

கண்ணிமை மீண்டும் மீண்டும் மூடித் திறப்பது, இது அப்படியல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் ‘இமைத்தல்’ என்ற வினையைத் தொடாமல் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘இலவங்கத் திறப்பு’ என்று குடும்பத்தின் பெயராலேயே அழைக்கலாம் என்ற யோசனையை ஏற்க இயலாது. பெர்பெரிடேசி, ஹெர்னாண்டியேசி குடும்பங்களிலும் இதே முறை உண்டு. மேலும், இலவங்கம் என்றால் பலருக்குக் கிராம்புதான் நினைவுக்கு வரும், கிராம்போ மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. லாரேசியைக் ‘கருவாக் குடும்பம்’ (கருவா என்பது இலவங்கப்பட்டை) என்று அழைப்பது பற்றித் தனி இழையில் பேசுவோம்.

‘நாலிமை’யா ‘நான்கிமை’யா என்பதை மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும். என் காதுக்கு முன்னதே இணங்குகிறது.