மறு: ‘ஸ்கியென்ஷியா மேதியா’ – நடுவறிவா, நிபந்தனை அறிவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ‘ஸ்கியென்ஷியா மேதியா’ (இலத்தீனில் ‘நடு அறிவு’) என்ற இறையியல் சொல்லுக்கு நம் பதிவில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. இன்ன சூழலில் மனிதர்கள் தம் விருப்பப்படி என்ன செய்திருப்பார்கள் என்பதைக் கடவுள் அறிவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

> ‘நிபந்தனை அறிவு’ என்று வைத்துவிடலாமே, படித்ததும் விளங்கும். ‘நடுவறிவு’ என்றால் எதற்கு நடு என்று கேட்பார்கள்.

விளங்கும் ஐயா, ஆனால் தப்பாக விளங்கும். நிபந்தனை ஜாமீன் என்று தினமும் பேப்பரில் படிக்கிறவர்களுக்கு, நிபந்தனை அறிவு என்றதும் கடவுளின் அறிவே எதற்கோ கட்டுப்பட்டது போலத்தான் படும். நிபந்தனை இருப்பது அறியப்படும் செய்தியில், அறிகிறவரிடம் அல்ல. இந்த வேறுபாடு போய்விட்டால் 1588இல் லிஸ்பனில் புத்தகம் போட்டு இயேசு சபை இறையியலாளர் மொலினா இந்த அறிவுக்காக வாதாடியதெல்லாம் வீண்.

எடுத்துக்காட்டாக 1 சாமுவேல் 23. தாவீது கேகிலா பட்டணத்தில் இருக்கிறான், சவுல் பிடிக்க வரப்போவதாகச் செய்தி. சவுல் வருவானா, ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா என்று கர்த்தரிடம் கேட்கிறான். வருவான், ஒப்புக்கொடுப்பார்கள் என்று பதில் வருகிறது. உடனே தாவீது தன் அறுநூறு பேரோடு ஊரைக் காலி செய்கிறான், அதைக் கேள்விப்பட்ட சவுலும் கிளம்பாமல் நின்றுவிடுகிறான். ஆக, சவுல் வரவும் இல்லை, ஊரார் காட்டிக்கொடுக்கவும் இல்லை, ஆனாலும் கர்த்தர் சொன்னது பொய்யில்லை. அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத்தான் அவர் சொன்னார். நடக்காத ஒன்றை, அதுவும் மனிதர்கள் தம் இஷ்டத்துக்குச் செய்திருக்கக்கூடிய ஒன்றை, ஐயமில்லாமல் அறிவது. நமக்குப் பெயர் வேண்டியது இதற்குத்தான்.

எதற்கு நடு என்ற கேள்விக்கும் மொலினாவிடம் பதில் இருக்கிறது. ஒரு பக்கம், இருந்தே தீர வேண்டியவற்றையும் இருக்கக்கூடிய எல்லாவற்றையும் கடவுள் தம் இயல்பால் அறிவது. மறுபக்கம், இந்த உலகைப் படைப்பது என்று தீர்மானித்ததால் இதில் நடப்பவற்றை அறிவது. கேகிலா விவகாரம் இரண்டிலும் சேராது: கடவுளின் தீர்மானத்தால் வந்ததும் இல்லை, அப்படித்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் இடையில் நிற்கிறது. (இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான தோமினிக்கன் சபையார் இதை ஏற்கவே இல்லை, இயேசு சபையாரோடு மல்லுக்கட்டினார்கள். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், ஒருவரையொருவர் பழிக்காதீர்கள் என்று சொல்லித் தீர்ப்பே தராமல் விட்டுவிட்டார். நம் குழுவில் சில இழைகள் முடிவதும் இப்படித்தான்.)

> அப்படியானால் ‘முன்னறிவு’ போதாதா? வேதாகமத்திலேயே இருக்கிறதே.

இருக்கிறது, அப்போஸ்தலர் 2:23இல். ஆனால் அது பொதுச்சொல், இந்த மூன்றில் எது என்று பிரித்துக் காட்டாது. அதோடு ‘முன்’ என்பதிலேயே பழைய தகராறு ஒன்று இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் சிறையில், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ரோமானியத் தத்துவஞானி போயத்தியுஸ் எழுதியது: நித்தியம் என்பது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் காலம் அல்ல, எல்லையற்ற வாழ்வை ஒருசேர முழுதாகக் கொண்டிருத்தல். அப்படி இருப்பவருக்கு நம் நாளையும் கண்முன் நிற்பதுதான், அதில் அவர் ‘முன்கூட்டி’ அறிய என்ன இருக்கிறது? நான் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்ப்பதால் நான் உட்கார்ந்தாக வேண்டும் என்று ஆகிவிடாதே, அதுபோலத்தான் கடவுள் பார்ப்பதும் என்பது போயத்தியுஸின் வாதம். மொலினாவுக்கு இது மட்டும் போதவில்லை, அது வேறு கதை. ஆனால் அவர் சொல்லும் மூன்று அறிவிலும் முதலில், இடையில், கடைசியில் என்பது காலவரிசை அல்ல, எது எதைச் சார்ந்தது என்ற வரிசைதான். கடவுள் முதலில் ஒன்றை யோசித்து, அப்புறம் இன்னொன்றைத் தெரிந்துகொண்டார் என்று யாரும் நினைக்கும்படி சொல் அமையக் கூடாது.

அதனால் என் ஓட்டு இடையறிவுக்கு. ‘இடை’ என்றால் இடைத்தரம் போலத் தொனிக்கிறது என்று அக்கா எழுதியிருந்தார். பகுபத உறுப்பில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பதை இடைநிலை என்கிறோம், அதை யாரும் மட்டமாக நினைப்பதில்லையே. ‘நடுவறிவு’ எனக்குப் பிடிக்கவில்லை, நடுநிலை, நடுவர் பக்கம் இழுக்கிறது.

மற்ற இரண்டில், கடவுள் தம் இயல்பால் அறிவதற்கு வைத்த இயல்பறிவு பற்றிச் சண்டை இல்லை. மூன்றாவதற்கு, அதாவது படைக்கத் தீர்மானித்ததால் வரும் அறிவுக்கு, ‘கட்டற்ற அறிவு’ என்று ஒருவர் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் நாம்தானே, கடவுள் தம் அறிவைப் பொது உரிமத்தில் வெளியிட்டார் என்றல்லவா ஆகிவிடும்! தீர்மான அறிவு என்று வைக்கலாம். எதனால் வந்த அறிவு என்பது சொல்லிலேயே தெரியும்.

பதிவில் ‘நிபந்தனை அறிவு’ என்று தேடினாலும் ‘இடையறிவு – காண்க’ என்று வரும்படி ஒரு வழிமாற்று போட்டுவிடுங்கள். கேகிலா எடுத்துக்காட்டு விளக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும், வரையறை மட்டும் போட்டால் யாருக்கும் பிடிபடாது. சர்வஞானமா முற்றறிவா என்ற பஞ்சாயத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.