பிரேக் கிறீச்சொலியா, பிரேக் இரைச்சலா? சத்தங்களுக்கான கலைச்சொற்கள்

நண்பர்களே,

கார்ச் சத்தங்களுக்கு நாம் சேர்ந்து தொகுக்கிற தமிழ்க் கலைச்சொல் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பிரேக் இரைச்சல், ஸ்டீயரிங் இரைச்சல் என்று இரண்டே சொல் போதும், மற்றதெல்லாம் விளக்கத்தில் வரட்டும்" என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரைச்சல் பொதுச்சொல்லாக இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கார் பழுதைக் கண்டுபிடிக்கிற வேலையில் எந்த மாதிரிச் சத்தம் என்பதுதான் முதல் துப்பு. கிறீச்சென்று கத்துகிற பிரேக்கும் இரும்போடு இரும்பு அரைக்கிற பிரேக்கும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டால், எந்த வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும், எந்த வண்டியை இரண்டு நாள் கழித்துக் காட்டினாலும் பரவாயில்லை என்று படிக்கிறவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

முதலில் ஸ்குவீல், அதாவது பிரேக் கிறீச்சென்று கத்துவது. இதற்கு "உயரதிர்வெண் உராய்வொலி" என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்கமாக அது சரி, அந்தச் சத்தம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கும். ஆனால் மெக்கானிக்கிடம் போய் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. "கிறீச்சொலி" என்றால் கேட்டவுடனே காதில் விழுகிறது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை அழுத்திப் பிடிக்கிற உராய்வுத் துண்டுதான் பேடு. பேடின் மேற்பரப்பு சூட்டில் பளபளவென்று இறுகிப்போனாலும், பேடுக்குப் பின்னால் வரும் ஷிம் தகடு இல்லாவிட்டாலும், பேடை அழுத்துகிற காலிப்பரின் பின்னில் கிரீஸ் காய்ந்துவிட்டாலும் கிறீச்சொலி வரும். இதோடு இன்னொரு வகையும் உண்டு: பேடு 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்கென்றே பல பேடுகளில் சின்ன எஃகுத் தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டுக்கு "தேய்வு நாக்கு" என்று பெயர் வைக்கலாம் என்பது என் யோசனை. "தேய்மான அறிவிப்பான்" என்று ஏற்கெனவே வந்த சொல் விளக்கு எரிய வைக்கிற மின் சென்சாருக்குப் பொருந்தும், அதை அதற்கே விட்டுவிடலாம்.

இரும்போடு இரும்பு அரைக்கிற கிரைண்டிங்குக்கு "அரையொலி" வேண்டவே வேண்டாம். பாதிச் சத்தம் என்றுதான் யாரும் படிப்பார்கள். "அரைப்பொலி" என்று ப்-ஐச் சேர்த்தால் குழப்பம் போய்விடுகிறது. பேடில் உராய்வுப் பொருள் முழுக்கத் தீர்ந்து அடித்தகடு நேராக டிஸ்க்கில் உட்காரும்போது வருவது இது. இந்தச் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டக் கூடாது, பதிவிலேயே அதை எழுதிவிட வேண்டும். அதே சமயம் மழையில் நின்ற காரை எடுக்கும்போது முதல் சில பிரேக்குகளில் சொரசொரவென்று கேட்பது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, தானாகவே போய்விடும். அதற்கு "உரசல்" போதும். இந்த இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒன்று வீண் பயத்தில் முடியும், மற்றது விபத்தில் முடியும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஆடுகிற ஜட்டருக்கு "அதிர்வு" என்றிருக்கிறார்கள். அது வைப்ரேஷனுக்குப் போய்விட்ட சொல். "வண்டி உதறுது" என்று ஓட்டுகிறவர்கள் சொல்வதையே எடுத்து "பிரேக் உதறல்" என்று வைப்போம். வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையில் ஆடும், பெடல் காலைத் தள்ளும், வேகம் குறையக் குறைய உதறலும் மெதுவாகும், ஏனென்றால் அது சக்கரம் சுற்றுவதோடு கட்டுப்பட்டது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், பல நேரம் உண்மையில் நடந்திருப்பது டிஸ்க்கின் தடிமன் ஒரு இடத்துக்கு ஒரு இடம் மாறிப்போனதுதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு மாறினாலே கைக்குத் தெரிந்துவிடும். பிரேக்கைத் தொடாமலே உதறினால் அது வேறு விஷயம், வீல் பேலன்சிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் படபடவென்று காலை அடிப்பது பழுதே இல்லை. அதற்கு "ஏ.பி.எஸ். துடிப்பு" என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டால் யாரும் பயந்து காலை எடுத்துவிட மாட்டார்கள்.

ஸ்டீயரிங் பக்கம் வந்தால் க்ளங்க், க்ளிக் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பும்போதோ டொக்கென்று ஒரு முறை கேட்டால் பால் ஜாயின்ட், டை ராடு, லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் என்று சக்கரத்தைத் தாங்குகிற, திருப்புகிற இணைப்புகளில் எங்கேயோ தளர்ச்சி இருக்கிறது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்த்தால் தளர்ந்தது எது என்று விரலுக்கே தெரியும். இதை "தட்டொலி" என்போம். டொக்கொலி எனக்குப் பிடித்திருந்தாலும் மொழிமுதலில் டகரம் வரலாமா என்ற வாதத்தில் ஒரு மாதம் போய்விடும். முழுக்கத் திருப்பி வண்டியை நகர்த்தும்போது சக்கரத்தோடு சேர்ந்து டக் டக் டக்கென்று வந்தால் அது சக்கரத்தைச் சுழற்றுகிற அச்சில் உள்ள சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு, அதற்கு "சொடுக்கொலி". விரலில் சொடக்கு எடுப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் விளக்கமே தேவையில்லை.

"ரீங்காரம்" என்ற ஒரே சொல்லை, ஸ்டீயரிங்கை லேசாக்க எண்ணெயை அழுத்துகிற பவர் ஸ்டீயரிங் பம்புக்கும், சக்கரம் சுழல உதவுகிற வீல் பேரிங்குக்கும் போட்டிருப்பதுதான் இந்தப் பட்டியலில் பெரிய சிக்கல். பம்பில் எண்ணெய் குறைந்தாலோ காற்று புகுந்தாலோ வரும் சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறும், வண்டி நின்றிருந்தாலும் கேட்கும். பேரிங் சத்தம் சக்கர வேகத்தோடு ஏறும், நிறுத்தினால் நின்றுவிடும், இடப்பக்கம் வளையும்போது அதிகமானால் பெரும்பாலும் பாரம் விழுகிற வலப்பக்கப் பேரிங்தான் போயிருக்கும். முன்னதற்கு "ஊளை", பின்னதற்கு "உறுமல்" என்று பிரித்துவிட்டால் நின்ற இடத்திலேயே எஞ்சினை உறும விட்டுப் பார்க்கிற சோதனையைப் பாதிப் பேர் தாங்களே செய்துகொள்வார்கள். ஆமாம், எஞ்சினும் உறுமும், அதனால் "பேரிங் உறுமல்" என்று உறுப்பின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். முழுதாகத் திருப்பும்போது பெல்ட் வழுக்கிக் கத்துவதும் கிறீச்சொலிதான் என்பதால் எல்லாச் சொல்லுக்கும் இந்த முறையே நல்லது: உறுப்பு முன்னால், ஒலி பின்னால். இன்னொரு குறிப்பு, மின் பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் பெரும்பாலும் பம்பும் இல்லை எண்ணெயும் இல்லை, பதிவில் அதையும் சொல்லிவிட வேண்டும்.

சீறலுக்கும் இதே கதை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் வால்வு சீறும், அது இயல்பு. பெடலை மிதிக்கும்போது உஸ்ஸென்று தொடர்ந்து சீறி, பெடலும் கல் மாதிரி கனத்தால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற பூஸ்டரில் கசிவு, அது ஆபத்து. "ஸ்டீயரிங் சீறல்", "பூஸ்டர் சீறல்" என்று இரண்டு பதிவாகப் போடுகிறேன்.

எனக்குச் சரியான சொல் கிடைக்காதது ஒன்றுதான். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மெல்ல விடும்போது வரும் "முனகல்" இருக்கிறதே, அதற்குக் காரணம் பேடு டிஸ்க்கைப் பிடிப்பதும் வழுக்குவதும் மறுபடி பிடிப்பதுமாக மாறி மாறி நடப்பது. ஸ்டிக்-ஸ்லிப் என்கிற இந்த நிகழ்வுக்கு "ஒட்டி நழுவல்" என்று வந்திருக்கிறது. இங்கே எதுவும் ஒட்டவில்லை, நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகமாக இருப்பதால்தான் இது நடக்கிறது. "பிடிவழுக்கு" என்று எழுதிப் பார்த்தேன், சொல் சுருக்கமாக இருக்கிறது, வினையாக மாற்றினால் இடிக்கிறது. இயற்பியல் பாடம் எடுக்கிறவர்கள் யாராவது இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள், அதுவரை முனகல் பதிவை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்.